கையில் இருப்பது கொஞ்சம்தான்: காணிக்கை பற்றிய கேள்வி பதில்

எங்கள் சபையில் பல வருடங்களாக வேதபாட வகுப்பு எடுக்கிறேன். கடந்த சில வாரங்களில் பலர் கேட்ட கேள்விகளைப் பெயர் குறிப்பிடாமல் இங்கே தந்திருக்கிறேன்.

அண்ணன், எல்லோரும் ஐந்நூறு போடும்போது பத்து ரூபாய் போட வெட்கமாக இருக்கிறது. காணிக்கைப் பை வந்தால் சில நாள் வெறும் கையை உள்ளே விட்டு எடுத்துவிடுகிறேன்.

தங்கச்சி, உங்கள் பத்து ரூபாய்க்கு வேதத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. மாற்கு 12-ல் வரும் ஏழை விதவை போட்டது இரண்டு காசு. அன்றைய ஒரு நாள் கூலியில் அது 64-ல் ஒரு பங்கு. இன்று 640 ரூபாய் கூலி வாங்குகிறவருக்குச் சரியாகப் பத்து ரூபாய்! எருசலேம் ஆலயத்தில் எக்காள வடிவில் 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. ஐசுவரியவான்கள் அவற்றில் மிகுதியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இயேசு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சீஷர்களைக் கூப்பிட்டுக் காட்டியது அந்த இரண்டு காசைத்தான். பக்கத்தில் இருப்பவர் பார்ப்பாரே என்று கூசாதீர்கள். பார்க்க வேண்டியவர் பார்க்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டைத் தைரியமாகப் போடுங்கள்.

வட்டிக்கு வாங்கியாவது காணிக்கை கொடுத்தால் கடன் தீரும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். கொடுக்கட்டுமா?

வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனது ஆறவில்லை. விதவையின் காசைப் பற்றிச் சொல்வதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது வேதம் கற்பித்தவர்களை, இயேசு கண்டித்தார். அந்த இரண்டு பகுதியையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

நியாயப்பிரமாணத்திலேயே ஏழைக்கு வழி இருக்கிறது. லேவியராகமம் 5-ஐப் பாருங்கள். ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதி இல்லையா, இரண்டு காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு. அதற்கும் வழியில்லையா, எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு, ஏறக்குறைய இரண்டு லிட்டர். கடன் வாங்கி ஆடு கொண்டுவா என்று கர்த்தர் எங்கும் சொல்லவில்லை. மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவோடு ஆலயத்துக்கு வந்தபோது செலுத்தியதும் ஏழைகளுக்கான அந்தப் பறவைக் காணிக்கைதான். பவுலும் 2 கொரிந்தியர் 8:12-ல், இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்கிறார். முதலில் கடனை அடையுங்கள். உங்கள் நிலைமையைச் சபைப் போதகரிடம் சொல்லுங்கள். இப்படிப்பட்ட நேரத்தில் சபைதான் உங்களைத் தாங்க வேண்டும்.

அப்படியானால் பஞ்ச காலத்தில் சாறிபாத் ஊர் விதவையிடம் எலியா தீர்க்கதரிசி கடைசி மாவையும் கேட்டது சரியா?

நல்ல கேள்வி. எனக்கும் அந்த இடம் நெருடியிருக்கிறது. பானையில் ஒரு பிடி மாவு, கலசத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு மகனோடு செத்துப்போகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் கேட்கிறார். ஆனால் எலியாவும் பஞ்சத்தில் அடிபட்டவர். அவர் குடித்துவந்த கேரீத் ஆறும் வற்றிப்போயிருந்தது. "பயப்படாதே" என்று சொல்லி, மழை வரும்வரை மாவு தீராது என்ற கர்த்தருடைய வார்த்தையையும் சேர்த்தே கொடுத்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பானை நிரம்பி வழிந்ததாக அங்கே எழுதியில்லை. செலவழிந்துபோகவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலையிலும் அவள் பானைக்குள் கையை விட்டுத்தான் மாவு எடுத்திருப்பாள். "கொடுத்தால் நூறு மடங்கு பணம் வரும்" என்று ஆசை காட்டுகிறவர்கள் இந்தக் கதையைக் கையில் எடுக்கவே கூடாது.

பணமே இல்லாத வீட்டில் எதைக் கொடுப்பது?

எங்கள் அம்மா உலை வைக்கும்போது களைந்து போட அளந்த அரிசியில் ஒரு பிடியைத் திரும்ப எடுப்பார். அடுப்படி மாடத்தில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று இருக்கும், அதில் போடுவார். கையில் ஒட்டிய ஒன்றிரண்டு மணியையும் தட்டிவிடுவார். மாதக் கடைசியில் அரிசி குறைந்தால் பிடி சிறிதாகும், ஆனால் நின்றதில்லை.

மிசோரம் பிரஸ்பிடேரியன் சபையில் இதைப் 'புஃபாய் தாம்' என்பார்கள். 1910-ல் பெண்கள் தொடங்கியது. வேளாவேளைக்குச் சமைக்கும்போது ஒரு பிடி அரிசி ஒதுக்குவார்கள். சபையார் அதைச் சேகரித்து விற்று ஊழியத்துக்குச் செலவிடுகிறார்கள். மிஷனெரிகளைத் தாங்கும் சபையாக அது வளர்ந்ததில் அந்தச் சமையலறைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

எனக்குப் பாட வராது, பிரசங்கிக்க வராது. என்னால் என்ன பிரயோஜனம்?

தம்பி, மோசேயிடம் கர்த்தர் கேட்டது "உன் கையிலிருக்கிறது என்ன?" என்றுதான். ஆடு மேய்க்கிற கோல் இருந்தது. உன்னிடம் பைக் இருக்கிறதே? மழை நாளில் ஆலயத்துக்கு வர முடியாத ஒரு தாத்தாவைக் கூட்டிவா. அப்புறம் பேசலாம்.

படுத்த படுக்கையாக இருக்கிறேன். இனி நான் கொடுக்க என்ன இருக்கிறது, ஐயா?

அம்மா, உங்களுக்கு இரவில் தூக்கம் வருவதில்லை என்று சொன்னீர்கள். அந்த நேரம் இருக்கிறதே! சபைக் குடும்பங்களின் பட்டியலை வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுவருகிறேன். ஒரு இரவுக்கு இரண்டு வீடு, பெயர் சொல்லி ஜெபியுங்கள். பட்டியலில் மூன்றாவது வீடு எங்களுடையது. என் மகனுக்கு அடுத்த வாரம் பரீட்சை.