மஸ்கட் வேலைக்குப் போனால் மகள் என் பொறுப்பில் இருப்பாளா?

கேள்வி: திருச்சியில் நர்ஸாக இருக்கிறேன். இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்து ஆகிவிட்டது. ஏழு வயது மகள் கோர்ட் உத்தரவுப்படி என்னிடம் வளர்கிறாள்; ஞாயிறுதோறும் அவள் அப்பா வந்து பார்க்கிறார். மஸ்கட்டில் இரண்டு வருட வேலை கிடைத்திருக்கிறது. மகளை என் அம்மாவிடம் விட்டுப் போனால் உத்தரவு ரத்தாகிவிடுமா?

பதில்: தானாக ரத்தாகாது. ஆனால் சொல்லாமல் கிளம்பினால் உங்களுக்கு எதிரான மனுவுக்கு நீங்களே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சூழ்நிலை மாறினால் இந்த மாதிரி உத்தரவுகளைத் திருத்தலாம். உங்கள் முன்னாள் கணவர், "பெற்ற அப்பா நான் உள்ளூரில் இருக்கும்போது பாட்டி எதற்கு?" என்று கேட்பார். அது வலுவான கேள்வி. தாய் இறந்துபோன தேஜஸ்வினி கவுட் வழக்கில், தாய்வழி உறவினர் வளர்த்த குழந்தையை 2019-ல் உச்ச நீதிமன்றம் அப்பாவிடம்தான் ஒப்படைத்தது. உங்கள் நிலை வேறுதான். ஆனாலும் ஐந்து வயது வரை பொதுவாகத் தாயிடமே என்று 1956-ம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தரும் சலுகை உங்கள் மகளுக்கு முடிந்துவிட்டது. கூடுதல் சம்பளம் என்ற வாதம் மட்டும் எடுபடாது.

அதனால் கிளம்பும் முன்பே அதே குடும்பநல நீதிமன்றத்தில் திருத்த மனு போடுங்கள். பள்ளிக்கு யார் கூட்டிப்போவார், ராத்திரி காய்ச்சல் என்றால் யார் ஓடுவார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஞாயிறோடு, மாதம் ஒரு சனிக்கிழமை இரவும் அப்பாவிடம் தங்கலாம் என்று நீங்களே எழுதுங்கள். மனசு வராது, தெரியும். ஆனால் அவரை ஒதுக்கப் பார்க்கிறீர்கள் என்ற பேச்சு அதோடு அடங்கும்.

அடுத்தது வீடியோ கால். குழந்தையைப் பிரிந்திருக்கும் பெற்றோர் முடிந்தவரை தினமும் 5 முதல் 10 நிமிடம் பேச வழி இருக்க வேண்டும் என்று யஷிதா சாஹு வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'தினமும் பேசலாம்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். மஸ்கட் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை 7 மணிக்கு டூட்டி முடிந்தால் இங்கே 8.30, தூங்கப்போகும் முன் பேசிவிடலாம். நைட் ஷிஃப்ட் வாரத்தில் அது நடக்காது. பள்ளி விட்டு வந்ததும் 5 மணிக்கு என்று தனியாகக் குறிப்பிடுங்கள்.

மே விடுமுறையில் மகளை அங்கே அழைத்துப்போக நினைத்தால் அந்த அனுமதியையும் இதே மனுவில் கேளுங்கள். அப்புறம், வேலையில் சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று இப்போதே விசாரியுங்கள். ஒரே வாய்தாவில் இது முடியாது.