பெல் சோதனையில் எஸ் மதிப்பு 1.88-லேயே நிற்கிறது

பிணைந்த ஃபோட்டான் ஜோடிகளை வைத்துச் செய்யும் பெல் சோதனையில், பிணைப்பைக் காட்டும் எஸ் என்ற எண் 2-ஐத் தாண்ட வேண்டும். உங்களுக்கு 1.88-லேயே நிற்கிறது என்று டிடெக்டரை மாற்றாதீர்கள். உங்கள் எண்களே காரணத்தைக் காட்டுகின்றன: போலரைசர்கள் (ஒளியின் அதிர்வுத் திசையை வடிகட்டுபவை) 0/90 டிகிரியில் இருக்கும்போது கான்ட்ராஸ்ட் (இரண்டு டிடெக்டரிலும் ஒரே நேரத்தில் பதிவாகும் இணை எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம்) 98 சதவீதம், ±45-ல் வெறும் 35. இரண்டையும் கூட்டி (0.98 + 0.35) √2-ஆல் பெருக்குங்கள், அதே 1.88 வரும்.

ஜோடி ஃபோட்டான்கள் ஒழுங்காகத்தான் பிறக்கின்றன. குறுக்காக ஒட்டிய இரண்டு பிபிஓ படிகங்களில் (லேசர் ஃபோட்டானை ஜோடியாகப் பிரிப்பவை) ஒன்று கிடைத்தளமாக அதிரும் ஜோடியையும் மற்றது செங்குத்தாக அதிரும் ஜோடியையும் தருகிறதல்லவா? இந்த இரண்டுக்கும் இடையிலான ஃபேஸ் (அலைகள் ஒன்றுக்கொன்று முன்பின் தள்ளியிருக்கும் அளவு) பெரும்பாலும் விலகியிருக்கும்.

1. ஒரு போலரைசரை +45-லும் மற்றதை −45-லும் வையுங்கள். 405 நானோமீட்டர் லேசருக்கும் படிகத்துக்கும் நடுவிலுள்ள குவார்ட்ஸ் தகட்டை மெல்லச் சாய்த்து, இணை எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கும் இடத்தில் நிறுத்துங்கள். கால் டிகிரிகூடப் பெரிய மாற்றம் தரும், அவசரப்படாதீர்கள்.

2. எவ்வளவு சாய்த்தும் இறங்கவில்லையா? ஐரிஸை (ஒளி நுழையும் துளையை) சுருக்கிப் பாருங்கள். கான்ட்ராஸ்ட் ஏறினால், கோணத்துக்குக் கோணம் ஃபேஸ் மாறுகிறது. ஏறாவிட்டால் உங்கள் டயோடு லேசரின் கோஹெரன்ஸ் நீளம் (அலை ஒழுங்கு குலையாமல் இருக்கும் தூரம்) போதவில்லை. பம்ப் (அந்த லேசரின்) பாதையில் ஈடுசெய்யும் படிகம் ஒன்று வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: இரண்டு போலரைசரும் +45-ல் இருக்கும்போது குறைந்தபட்சத்தைத் தேடாதீர்கள். அது வேறொரு பெல் நிலை (பிணைப்பின் இன்னொரு வகை). வழக்கமான கோணங்களில் எஸ் பூஜ்யத்தை ஒட்டி விழும். தற்செயல் இணைகளையும் (ஜோடியல்லாத ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் பதிவாவதை) கழியுங்கள். ஒவ்வொரு டிடெக்டரிலும் நொடிக்குத் தலா 30,000 எண்ணிக்கை, ஒரே நேரம் என்று கொள்ளும் சாளரம் 10 நானோசெகண்ட் என்றால் நொடிக்கு 9 வரும்.

சாய்த்தபின் ±45 எண்களை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.