'சினிக்கல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் நாய்க்கும் என்ன தொடர்பு?

பிறரின் நல்லெண்ணத்தை நம்பாத மனப்பான்மையைக் குறிக்கும் 'சினிக்கல்' (cynical) என்ற பெயரடையின் வேர், நாயைக் குறிக்கும் 'கியோன்' என்ற பண்டைய கிரேக்கச் சொல்லாகும். அதிலிருந்து பிறந்த 'கினிக்கோஸ்' என்பதற்கு 'நாய் போன்ற' என்று பொருள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சொத்து, பதவி, ஊர்வழக்கம் ஆகிய அனைத்தையும் உதறிவிட்டு, ஏதென்ஸ் நகரத் தெருக்களில் பெரிய மண்தாழி ஒன்றில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் கிரேக்கத் தத்துவவாதி டயோஜினிசையும் அவரைப் பின்பற்றியவர்களையும் மக்கள் இப்பெயரால் இகழ்ந்தனர். அவரோ அதைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். அவருக்கு முற்பட்ட தத்துவவாதியான ஆன்டிஸ்தினிஸ் கற்பித்த 'கினோசார்கிஸ்' என்ற உடற்பயிற்சிக்கூடத்தின் பெயரே காரணம் என்போரும் உண்டு. எனினும், வாழ்க்கைமுறை பற்றிய விளக்கமே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது.

லத்தீன் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், முதலில் அத்தத்துவவாதிகளையும், அவர்களைப் போலக் கடுகடுத்துக் குறை கூறுவோரையும் சுட்டியது. மனிதரின் ஒவ்வொரு நற்செயலுக்குப் பின்னும் சுயநலமே இருக்கும் என்று ஐயுறும் மனப்பான்மையைக் குறிக்கும் இன்றைய பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. அறமே போதும் என்று வாழ்ந்தவர்களின் பெயர், அறத்தையே நம்பாதவர்களுக்கு உரியதாகிவிட்டது அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே கருதுகிறேன்.