கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்

சென்ற இதழில் ஜப்பான் சுற்றுலாச் செலவு பற்றி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பல, செலவை விட்டுவிட்டு, அங்குள்ள கடைகளில் வெளிநாட்டுப் பயணிகள் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியே கேட்டிருந்தன. இந்த முறை பக்கம் முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஏப்ரலில் ஒரு சுற்றுலாக் குழுவுடன் கியோட்டோ சென்றிருந்தேன். ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சிறிய கடையில், எங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவர் சைவ உணவு எது என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதில் புரியாத கோபத்தில் விரலைச் சொடுக்கிக் கல்லாவில் இருந்த பெண்ணை அதட்டினார். சில்லறையை மேசை மீது வீசினார். அந்தப் பெண் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். "இவர்கள் எதற்கெடுத்தாலும் குனிவார்கள், அது இவர்கள் வழக்கம்" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் பேசாமல் நின்றுவிட்டேன். அவளுக்கு வலித்திருக்குமா? நான் என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: வலித்திருக்கும், அம்மா. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் அந்தக் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நான் நின்றிருக்கிறேன். யோகோஹாமாவில் படித்த இரண்டு ஆண்டுகளில், மாணவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட வாரத்துக்கு 28 மணி நேர வரம்புக்குள், ஜப்பானியர் 'கொன்பினி' (கன்வீனியன்ஸ் ஸ்டோர்) என்று அழைக்கும் அத்தகைய கடை ஒன்றில் மாலைப் பணி பார்த்தேன். முதல் வாரம் என்னைக் கல்லாவைத் தொடவே விடவில்லை. வரவேற்கும்போது என்ன சொல்ல வேண்டும், நன்றி எப்படிக் கூற வேண்டும், மன்னிப்பு எந்தச் சொற்களில் கேட்க வேண்டும், எந்தச் சொல்லுக்கு எவ்வளவு குனிய வேண்டும் என்பதையே கற்றுக்கொடுத்தார்கள். நீங்கள் பார்த்த அந்தப் பெண்ணும் மிகப் பணிவாக மன்னிப்புக் கேட்கும் 'மோஷிவாகே கொசாய்மசென்' என்பதைத்தான் சொல்லியிருப்பாள். சீருடையைப் போல அந்தச் சொல்லையும் வேலை நேரத்தில் அணிந்துகொள்கிறார்கள். அதை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் முடிவு செய்ய முடியாது.

ஒரு நாள் இரவு, ஒரு வெளிநாட்டுப் பயணி எடுத்துவந்த சோற்றுப் பெட்டியைச் சூடாக்கித் தரட்டுமா என்று வழக்கப்படி கேட்டேன். விலைக்கு மேல் எதையோ கூட்டிக் கேட்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். பணம் வைப்பதற்கென்று மேசையில் சிறு தட்டு இருந்தும், ஆயிரம் யென் நோட்டைக் கசக்கி என் மார்பில் எறிந்தார். நான் குனிந்து மன்னிப்புக் கேட்டேன். மீதியை இரு கைகளாலும் கொடுத்தேன். பணி முடியும் நேரத்தில் கல்லாப் பணத்தை மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் வெவ்வேறு தொகை வந்தது. விரல்களின் நடுக்கம் அடங்கவே இல்லை. உடன் பணியாற்றிய நேபாள மாணவர் ஒன்றும் கேட்காமல் பணத்தை என் கையிலிருந்து வாங்கி, எண்ணி முடித்துக் கொடுத்தார்.

டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா போன்ற நகரங்களில் இக்கடைகளின் கல்லாவில் நிற்பவர்களில் பலர் நேபாளம், வியட்நாம், மியன்மார் ஆகிய நாடுகளிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள். ஜப்பானியர் எதற்கும் குனிவார்கள் என்று உங்கள் குழுவினர் சிரித்தபோது எதிரில் நின்றவள் காத்மாண்டுவிலிருந்து கடன் வாங்கிக்கொண்டு வந்த மாணவியாகக்கூட இருந்திருக்கலாம். ஜப்பானியப் பெண்ணாக இருந்தால் மட்டும் அப்படி நடந்துகொள்வது சரியாகிவிடுமா என்றால், இல்லை.

சைவ உணவு பற்றிய கேள்வி நமக்கு எளிதாகத் தோன்றலாம், அவளுக்கு அது கடினமானது. 'தாஷி' எனப்படும் மீன் சாறு அங்கே சாம்பாருக்குப் பருப்பு போல. குழம்பில், காய்கறிப் பொரியலில், சோயா சுவையூட்டியில் என்று எங்கும் கலந்திருக்கும். கண்ணுக்கு மீன் தெரியாத உணவை அவள் சைவம் என்று சொல்லிவிட்டால் அது பொய்யாகிவிடும், ஆகவேதான் தயங்கினாள். கைப்பேசியில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவைப் பொட்டலத்தின் பின்புறம் காட்டியிருந்தால் அரை நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும்.

நீங்கள் அந்த மனிதருடன் சண்டை போட்டிருக்க வேண்டியதில்லை. வீசப்பட்ட சில்லறையைப் பொறுக்கித் தட்டில் வைத்து, அவளைப் பார்த்து 'சுமிமசென்' (மன்னிக்கவும்) என்று சொல்லியிருந்தால், உங்கள் குழுவில் ஒருவராவது தன்னை மனிதராகப் பார்த்தார் என்று அவள் அறிந்திருப்பாள். எனக்கு அந்த இரவில் அப்படி ஒருவர் வரிசையில் நின்றிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நினைத்தே இதை எழுதுகிறேன்.

கேள்வி: 'வாடிக்கையாளரே கடவுள்' என்பது ஜப்பானியரின் கொள்கை என்று மேலாண்மைப் பயிற்சிகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நாட்டிலேயே வாடிக்கையாளருக்கு எதிராகச் சட்டம் வந்திருப்பதாகப் படித்தேன். எது உண்மை?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டும் உண்மைதான். ஆனால் முதலாவது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட உண்மை. 'ஓக்யாகுசாமா வா காமிசாமா தேசு' என்ற அந்த வாக்கியத்தைப் புகழ்பெறச் செய்தவர் மினாமி ஹருவோ என்ற பாடகர். கோயிலில் கடவுள் முன் நிற்கும்போது மனத்தை எப்படித் தூய்மையாக்கிக்கொள்வோமோ அப்படியே மேடையில் நிற்க வேண்டும், அதற்காக அவையோரைக் கடவுளாக எண்ணிக்கொள்கிறேன் என்பதே அவர் கூறியதன் பொருள். அது கலைஞர் தமக்கு விதித்துக்கொண்ட ஒழுக்கம். பின்னர் ஒரு நகைச்சுவைக் குழுவினர் அதைப் பாவனை செய்து பரப்ப, அது கடைத்தெருவுக்கு வந்து, "காசு கொடுக்கிற நான் கடவுள், நீ பணிந்து போ" என்று எதிர்த் திசையில் திரும்பிவிட்டது. மினாமி 2001-இல் மறைந்தார். தம் சொல்லைப் பிறர் இப்படிப் பொருள்கொள்வதை அவர் ஏற்கவில்லை.

அந்தத் திரிபின் விளைவுகள் கொடியவை. 2013-இல் சப்போரோ நகரத் துணிக்கடை ஒன்றில், வாங்கிய போர்வையில் குறை இருப்பதாகச் சொல்லி ஒரு பெண், ஊழியர்களைத் தரையில் மண்டியிட்டு நெற்றி பதிய வணங்கச் செய்து, அதைப் படமெடுத்து இணையத்திலும் வெளியிட்டார். காவல்துறை அவரைக் கைது செய்தது. அவர் வெளிநாட்டவர் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'கஸ்டமர் ஹராஸ்மென்ட்' (வாடிக்கையாளர் ஊழியருக்குத் தரும் தொல்லை) என்பதைச் சுருக்கி 'கசுஹரா' என்று ஒரு சொல்லையே ஜப்பானியர் உருவாக்கும் அளவுக்கு இந்த நோய் உள்நாட்டிலும் முற்றியிருந்தது. டோக்கியோ பெருநகர அவை, நாட்டிலேயே முதலாவதாக, 2024 அக்டோபரில் கசுஹராவைத் தடைசெய்யும் உள்ளாட்சிச் சட்டத்தை நிறைவேற்றியது. அது 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அச்சட்டத்தில் தண்டனைப் பிரிவு கிடையாது. ஆயினும் அடித்தாலோ மிரட்டினாலோ வணிகத்துக்கு இடையூறு செய்தாலோ குற்றவியல் சட்டம் எப்போதும்போல் பாயும். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று அது பார்க்காது. 2025 ஜூனில் ஜப்பானிய நாடாளுமன்றமும், ஊழியர்களை இத்தகைய வாடிக்கையாளர்களிடமிருந்து காக்கும் ஏற்பாடுகளைச் செய்வது முதலாளிகளின் கடமை என்று சட்டத்தைத் திருத்தியது.

இவற்றைவிட என்னை அதிகம் பாதித்தது ஒரு சிறிய மாற்றம். பெயரைப் படித்து இணையத்தில் தேடித் துரத்தும் வாடிக்கையாளர்களுக்கு அஞ்சி, 2024 முதல் பெரிய கொன்பினி நிறுவனங்கள் சில, ஊழியர் தம் பெயர் வில்லையில் முதலெழுத்தையோ புனைபெயரையோ இட்டுக்கொள்ள அனுமதித்துள்ளன. சொந்தப் பெயரை மறைத்துக்கொண்டு பால் பொட்டலம் விற்க வேண்டிய நிலைக்கு மனிதர்களைத் தள்ளியிருக்கிறோம்.

கேள்வி: ஃபுஜி மலைக்கு எதிரே ஒரு கடையில் பயணிகளின் தொல்லை தாங்காமல் கறுப்புத் திரை கட்டினார்கள் என்பது மெய்யா? எல்லாப் பழியையும் வெளிநாட்டவர் மீது போடுவது நியாயமா?
– வாசகி, கோவை

பதில்: மெய்தான். இடம் ஃபுஜிகவாகுச்சிகோ என்னும் ஊர். கொன்பினி ஒன்றின் கூரைக்கு மேல் ஃபுஜி மலை எழுந்து நிற்பதுபோல் படமெடுக்கலாம் என்று சமூக ஊடகங்களில் பரவியதும், கூட்டம் பெருகியது. சாலையின் குறுக்கே ஓடினார்கள், குப்பை போட்டார்கள், எதிர்ப்புறம் உள்ள பல் மருத்துவமனையின் வளாகத்தில் அனுமதியின்றி வண்டிகளை நிறுத்தினார்கள், சொல்லப்போனவர்களைத் திட்டினார்கள். 2024 மே மாதத்தில் ஊராட்சி நிர்வாகம் 2.5 மீட்டர் உயரமும் 20 மீட்டர் நீளமும் கொண்ட கறுப்பு வலைத் திரையைக் கட்டியது; சில நாட்களில் அதிலும் கேமரா நுழையும் அளவுக்குத் துளைகள் விழுந்தன. ஆகஸ்டில் புயலுக்காக இறக்கிய திரையை, கூட்டம் குறைந்ததால், மீண்டும் கட்டவில்லை. அந்த ஆண்டு ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை ஏறக்குறைய 3 கோடியே 68 லட்சம். இவ்வளவு பேரில் பெரும்பாலோர் ஒழுங்காகவே நடந்துகொள்கிறார்கள் என்பதை நான் என் கல்லாவிலிருந்தே கண்டிருக்கிறேன்.

நியாயம் பற்றிக் கேட்டீர்கள். 1998-இல் ஹமமாட்சு நகரில் பிரேசில் நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவரை, வெளிநாட்டவர் என்பதற்காகவே ஒரு நகைக்கடை வெளியேறச் சொன்னது. அவர் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு நீதிமன்றம் 15 லட்சம் யென் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. கடைக்காரர் தரப்பிலும் தவறு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அவர் நீதிமன்றம் சென்றார், கல்லாவில் இருந்தவர் மீது எதையும் வீசவில்லை.

கேள்வி: வரிவிலக்குக் கவுன்டரில், பாஸ்போர்ட் விடுதியில் இருப்பதாகவும் கைப்பேசியில் அதன் படம் உள்ளதாகவும் சொல்லியும், என் மைத்துனருக்கு வரிவிலக்குத் தர மறுத்துவிட்டார்கள். அரை மணி நேரம் வாதாடினார். தவறு யாருடையது?
– வாசகர், சென்னை

பதில்: உங்கள் மைத்துனருடையது. ஒரே நாளில் ஒரே கடையில் 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்க வேண்டும், பாஸ்போர்ட்டை நேரில் காட்ட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. படத்தை வைத்து விலக்களித்தால், அந்த வரியைக் கடையே கட்ட நேரும். கவுன்டர் ஊழியருக்கு இதில் இளகிப்போகும் அதிகாரம் துளியும் இல்லை. 2026 நவம்பர் 1 முதல் முழு விலையையும் கொடுத்து வாங்கிவிட்டு, நாட்டை விட்டுப் புறப்படும்போது வரியைத் திரும்பப் பெறும் முறை வருகிறது. கடைகளில் இந்த வாக்குவாதமாவது குறையும்.

கேள்வி: வெளிநாட்டில் நம்மவர்கள் இப்படி நடப்பதற்கு நம் ஊர்ப் பழக்கமே காரணம் என்று என் கணவர் சொல்கிறார். ஏற்கிறீர்களா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஏற்கிறேன், வருத்தத்துடன் ஏற்கிறேன். தீபாவளிக் கூட்டத்தில் ஜவுளிக்கடைக்குப் போய், எண்பது புடவைகளைப் பிரித்துப் போடச் சொல்லி, "ஏய், அந்த மேல்தட்டுல இருக்கிறத எடு" என்று பெயரற்ற ஒருமையில் ஏவி, ஒன்றும் வாங்காமல் எழுந்துபோவதை நாம் தவறாகவே எண்ணியதில்லை. அந்தப் பெண்கள் பத்து மணி நேரம் நின்றபடியே வேலை பார்த்தார்கள். அவர்கள் உட்கார ஓர் இருக்கை தர வேண்டும் என்பதற்கே, 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கேரளம் அதற்கு முன்பே செய்துவிட்டது. உட்காரும் உரிமைக்குச் சட்டம் தேவைப்பட்ட ஊரிலிருந்து விமானம் ஏறுபவர், கியோட்டோவில் இறங்கியவுடன் விரலைச் சொடுக்குவது வியப்பில்லை. ஐரோப்பியரும் அமெரிக்கரும் சீனரும் இதே தவறைச் செய்கிறார்கள், அவரவர் ஊரில் அவரவருக்கு ஒரு காரணம் இருக்கும். நம்முடையதைச் சரிசெய்ய நம்மால்தான் முடியும், நம் வீட்டுப் பிள்ளைகளின் கண் முன்னே, நம் தெருமுனைக் கடையிலேயே.

கேள்வி: என் மகள் படிப்பதற்காக டோக்கியோ செல்கிறாள். கடையில் பகுதிநேர வேலை பார்க்கப் போவதாகச் சொல்கிறாள். யாராவது தகாத முறையில் நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பட்டும்?
– வாசகர், சேலம்

பதில்: முதலில், பகுதிநேர வேலைக்கான தனி அனுமதியை அவள் பெற்றுக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் நின்றால், தவறு யாருடையதாக இருந்தாலும் அவளே அஞ்சி ஒடுங்க நேரும். வேலையில் சேரும்போதே, வாடிக்கையாளர் கூச்சலிட்டால் யாரை அழைப்பது, எந்தக் கட்டத்தில் சேவையை நிறுத்தலாம் என்று மேலாளரிடம் கேட்கட்டும். டோக்கியோ சட்டம் வந்த பிறகு, இவ்வாறு கேட்பதை யாரும் குறையாகக் கொள்ள மாட்டார்கள். பெயர் வில்லையில் முழுப் பெயர் இட வேண்டியதில்லை என்றால் இட வேண்டாம். ஏதேனும் நடந்தால், அன்றே நேரத்தையும் பேசிய சொற்களையும் எழுதி வைக்கட்டும். தனியாக வாதாட வேண்டாம். ஒரு முறை மன்னிப்புக் கேட்டது போதும், பத்து முறை வேண்டாம்.

நான் பணியாற்றிய கடையின் மேலாளர் அதிகம் பேசாதவர். அந்த நோட்டு எறிந்த இரவுக்குப் பிறகு, கல்லாவில் யாராவது குரலை உயர்த்தினால், பின்னறையிலிருந்து வந்து என் தோளுக்கு ஓரடி முன்னால் நின்றுகொள்வார். அந்த ஆள் கதவைத் தாண்டிப் போகும்வரை நகர மாட்டார். அப்படி வந்து நிற்கும் மேலாளர் இருக்கும் கடையாகத் தேடிச் சேரச் சொல்லுங்கள். சம்பளம் மணிக்கு ஐம்பது யென் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.