ஒற்றை ஸ்கீயில் தண்ணீரிலிருந்து எழுவது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி: "நீர்ச்சறுக்கு விளையாட்டில், படகு கயிற்றால் இழுக்க, ஸ்கீ என்ற நீண்ட பலகைகள் இரண்டைக் காலில் மாட்டிக்கொண்டு தண்ணீரின்மேல் நன்றாகவே போகிறேன். ஒற்றை ஸ்கீக்கு மாறியதும் தண்ணீரிலிருந்து எழவே முடியவில்லை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கோலாலம்பூரில் இருக்கிறேன். என் உடம்பில் பலம் போதவில்லையா?"

பலத்துக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. எழுந்திருக்க நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நானும் அதையேதான் செய்தேன், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து. அப்போது எனக்கு வயது 41. கிள்ளானிலிருந்து விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு புத்ராஜெயா ஏரிக்குப் போவேன். பத்து முறை விழுவேன், கை நடுங்க வீடு திரும்புவேன். சமையலறையில் குடத்தைத் தூக்கக்கூட விரல்கள் ஒத்துழைக்காது.

நான்காவது வாரம் படகோட்டும் அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு, படகை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். "தங்கச்சி, நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? எழுப்புவது என் வேலை. நீங்கள் உட்கார்ந்தே இருங்கள்" என்றார். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

இரண்டு ஸ்கீயில் காலுக்கடியில் இரண்டு பலகைகளின் பரப்பு இருக்கிறது. படகு கொஞ்சம் வேகம் எடுத்ததுமே தண்ணீர் உங்களை மேலே தூக்கிவிடும். ஒற்றை ஸ்கீயில் பரப்பு ஏறக்குறைய பாதிதான். அதே உடம்பைத் தூக்க அதிக வேகம் வேண்டும், அந்த வேகம் வரும்வரை கூடுதலாகச் சில விநாடிகள் நீங்கள் தண்ணீரை உழுதுகொண்டேதான் போகவேண்டும். முகத்துக்கு நேரே தண்ணீர் ஒரு சுவர்போல எழும். கண் தெரியாது, மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சில விநாடிகளில் மனம் பதறி, "எழுந்துவிடு, எழுந்துவிடு" என்கிறது. காலை நீட்டுகிறோம். நீட்டிய கால் தண்ணீருக்கு எதிரே முட்டுக்கட்டையாக நிற்கிறது. கயிறு மேலுடம்பை முன்னே இழுக்கிறது. தலைகுப்புற விழுகிறோம். கையை மடக்கிக் கைப்பிடியை மார்போடு இழுத்தாலும் இதே கதிதான். அந்த நொடியில் கயிறு தளர்கிறது, அடுத்த நொடியில் வெடுக்கென்று இறுகிக் கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டு போகிறது.

இந்த விளையாட்டு பிறந்ததே இந்த ஒரு பாடத்திலிருந்துதான். 1922இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர் தம் அண்ணன் பென் ஓட்டிய படகின் பின்னால் தொங்கிக்கொண்டு மீண்டும் மீண்டும் முயன்றார். எட்டு அடி நீளமும் ஒன்பது அங்குல அகலமும் கொண்ட பலகைகள் அவை. ஒவ்வொரு முறையும் மூழ்கினார். கடைசியில் பின்னுக்குச் சாய்ந்து, பலகைகளின் நுனியைத் தண்ணீருக்கு மேலே நீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தபோதுதான் தண்ணீர் அவரைத் தூக்கியது. நுனி மேலே இருந்தால் பலகையின் அடிப்பாகம் வரும் தண்ணீரைக் கீழே தள்ளும், தண்ணீர் பலகையை மேலே தள்ளும். எழுப்பும் விசை அதுதான். நம் தொடை அல்ல.

ஆகவே தண்ணீரில் காத்திருக்கும்போது இப்படி இருங்கள்: முன்காலின், அதாவது ஸ்கீயில் மாட்டியிருக்கும் காலின், முழங்கால் மார்பை ஒட்டி இருக்கட்டும், குதிகால் புட்டத்துக்கு அருகில். இரண்டு கைகளும் நேராக, முழங்காலின் இருபுறமும். ஸ்கீயின் நுனி ஒரு சாண் வெளியே தெரிந்தால் போதும். பந்துபோலச் சுருண்டிருக்க வேண்டும். படகு இழுக்கத் தொடங்கியதும் எதையும் செய்யாதீர்கள். உண்மையிலேயே எதையும். சுருண்டபடியே இழுபடுங்கள். தண்ணீரின் இரைச்சல் சட்டென்று குறைந்து, காலடியில் ஒரு மெல்லிய அதிர்வு மட்டும் மிஞ்சும். ஸ்கீ தண்ணீரின் மேல் ஏறிவிட்டது என்று அதற்குப் பொருள். அதற்குப் பிறகு, நாற்காலியிலிருந்து எழுவதுபோல நிதானமாக இடுப்பைக் கைப்பிடியை நோக்கிக் கொண்டுவாருங்கள். முழங்கால் மடிந்தே இருக்கட்டும். பார்வை எதிர்க்கரையில் இருக்கட்டும். காலைக் குனிந்து பார்த்தால் உடம்பும் கூடவே குனியும்.

பின்காலை என்ன செய்வது என்று பலரும் குழம்புகிறார்கள். தொடக்கத்திலேயே அதை ஸ்கீயின் பின்பட்டையில் நுழைத்துக்கொள்ளச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. காலைப் பின்னால் நீட்டித் தண்ணீரில் இழுபடவிட்டேன். அது கப்பலின் சுக்கான்போல ஸ்கீயை நேராக வைத்தது, பக்கவாட்டில் உருள்வது நின்றது. எழுந்து நின்ற பின் அந்தக் காலை அவசரப்படாமல் கொண்டுவந்தேன். முதலில் குதிகாலுக்குப் பின்னே ஸ்கீயின் மேல் கட்டைவிரலை லேசாக வைத்துப் பார்த்தேன். எடை எல்லாம் முன்காலில்தான் இருந்தது. விரல்கள் ரப்பர் பட்டையைத் தேடின, ஈரத்தில் வழுக்கின, மறுபடி தேடின. பட்டைக்குள் விரல்கள் நுழைந்த கணத்தில் அதுவரை ஆடிக்கொண்டிருந்த ஸ்கீ அமைதியானது. அந்த அமைதிக்காகவே இதைக் கற்கலாம் என்று இன்றும் சொல்வேன்.

எந்தக் கால் முன்கால்? இரண்டு ஸ்கீயில் போகும்போது ஒரு ஸ்கீயை மெல்லத் தூக்கிப் பாருங்கள், பிறகு மற்றதை. எந்தக் காலில் அதிக நேரம் நிற்க முடிகிறதோ அதுவே முன்கால். இதே வழியில், போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு ஸ்கீயைக் கழற்றிவிட்டு ஒற்றை ஸ்கீக்கு மாறும் முறையும் இருக்கிறது. சமநிலையைப் பழக அது மிக நல்லது. கழற்றிய ஸ்கீ எங்கே கிடக்கிறது என்பதைப் படகில் இருப்பவர் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒருமுறை விழுந்துவிட்டால் ஒற்றை ஸ்கீயோடுதான் தண்ணீரில் கிடப்பீர்கள், ஆகவே தண்ணீரிலிருந்து எழுவதை எப்படியும் கற்றே ஆகவேண்டும்.

எழுவதில் பாதி படகோட்டியின் கையில் இருக்கிறது. இதை யாரும் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை. அந்த அண்ணனிடம் வருவதற்கு முந்தைய ஆண்டு, வேறோர் இடத்தில் ஒற்றை ஸ்கீயை முயன்றேன். ஓட்டியவர் கயிறு இறுகும் முன்னரே எஞ்சினை முழுவேகத்தில் முடுக்கினார். நான் கைப்பிடியை விடக்கூடாது என்ற பிடிவாதத்தில் இருந்தேன். கால் நீண்டது, உடம்பு முன்னே மடிந்தது, வலது தொடையின் பின்புறம் ஏதோ கிழிந்ததுபோலச் சுரீரென்றது. ஆறு வாரம் சரியாக உட்கார முடியவில்லை. கால் நேராக நீண்ட நிலையில் இடுப்பு முன்னே மடிந்தால் தொடையின் பின்தசை இழுபட்டுக் கிழியும். சிலருக்கு இடுப்பெலும்பிலிருந்தே அது பிய்ந்துவிடும், அறுவை சிகிச்சை வரை போகும். நாற்பதைத் தாண்டியவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு முன்னே மடிவதை உணர்ந்த மறுகணமே கைப்பிடியை விட்டுவிடுங்கள்.

படகோட்டியிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். முதலில் மெல்ல நகர்ந்து கயிற்றை இறுக்கட்டும். உங்கள் ஸ்கீ படகை நோக்கி நேராக நின்றபின் நீங்கள் குரல் கொடுங்கள். அதன் பிறகு அவர் சீராக வேகம் கூட்டட்டும். இரண்டு ஸ்கீக்கு மணிக்கு 35 கிலோமீட்டர் அளவு போதுமாக இருந்தால், ஒற்றை ஸ்கீக்கு 40, 45 வரை தேவைப்படும். கட்டைவிரலை உயர்த்தினால் வேகம் கூட்டு, தாழ்த்தினால் குறை. விழுந்தபின் கையை உயர்த்திக் காட்டினால் நலமாக இருக்கிறேன் என்று பொருள். இதைப் பார்ப்பதற்கென்றே படகில் பின்பக்கம் பார்த்தபடி ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். அப்படி ஆள் இல்லாத படகில் நான் ஏறுவதில்லை.

வீட்டிலும் பழகலாம். எங்கள் வாசல் சிமெண்ட் தரையில் பழைய பாயை விரித்து உட்காருவேன். வேட்டி ஒன்றை முறுக்கி ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையைப் பிடித்து என் மகன் இழுப்பான். அவனுக்கு அப்போது 14 வயது. குந்திய நிலையிலேயே, கையை மடக்காமல், அவன் இழுக்கும் இழுப்பிலேயே எழ வேண்டும். "அம்மா, கையை மடக்குகிறீர்கள்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வான். பத்து நாள் கழித்து அப்படிச் சொல்வதை நிறுத்தினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரியில் இரண்டாவது முயற்சியிலேயே எழுந்துவிட்டேன். இளஞ்சிவப்புப் பள்ளிவாசலின் குவிமாடம் பக்கவாட்டில் நகர்ந்து போனது. படகில் அமர்ந்திருந்த மகன் இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினான். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, அவன் முகம் மட்டும் தெரிந்தது.

தென்கிழக்காசிய நாடுகளுக்கான 2017 சீ விளையாட்டுப் போட்டியின்போது இதே புத்ராஜெயாவில்தான் நீர்ச்சறுக்குப் போட்டிகள் நடந்தன. ஒற்றை ஸ்கீயில் ஆறு மிதவைகளை வளைந்து வளைந்து சுற்றிவரும் ஸ்லாலம் பாதையின் நீளம் 259 மீட்டர். ஆண்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. அந்த வேகத்தை எட்டிய பிறகு, 18.25 மீட்டர் நீளமுள்ள கயிற்றை ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். அதெல்லாம் உங்களுக்கும் எனக்கும் இப்போது தேவையில்லை. எழுந்த முதல் நாள் படகின் அலையைக் கடக்கக்கூட முயல வேண்டாம், நேர் பின்னாலேயே போங்கள்.

தொடங்குவதற்கு அகலமான ஸ்கீயைக் கேட்டு வாங்குங்கள், அது சீக்கிரம் மேலே வரும். லைஃப் ஜாக்கெட் உடம்போடு இறுகி இருக்கட்டும். நியோப்ரீன் என்ற தடித்த ரப்பர் துணியாலான அரைக்கால் சட்டை அணிவது, குறிப்பாகப் பெண்களுக்கு, அவசியம். வேகமாக விழும்போது தண்ணீர் உடலுக்குள் பீய்ச்சி அடித்துக் காயம் உண்டாக்கும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முயற்சிக்கு மேல் வேண்டாம், விரல் சோர்ந்தபின் கற்பது எதுவும் நிற்காது. காலை எட்டு மணிக்கெல்லாம் தண்ணீரில் இருங்கள். காற்று எழும் முன் ஏரி கண்ணாடிபோல இருக்கும். பிற்பகலில் கிள்ளான் பள்ளத்தாக்கின் இடியும் மின்னலும் எப்படி என்று உங்களுக்கே தெரியும். மேகம் கறுக்கத் தொடங்கியதும், இன்னும் ஒரு முறை என்று நினைக்காமல் கரையேறிவிடுங்கள்.