மேட்டில் மட்டும் தட்டும் இன்ஜின்

கேள்வி: என்னுடையது 12 வருடப் பழைய பெட்ரோல் கார். காரவள்ளி தாண்டி கொல்லிமலை ஏறும்போது சில்லறைக் காசைக் குலுக்கியதுபோல் சத்தம் வருகிறது. சமதளத்தில் இல்லை. இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: அவசரப்படாதீர்கள் சார். பேரிங் தேய்ந்திருந்தால் சத்தம் கனமாக, 'டொக் டொக்' என்று அடியிலிருந்து வரும்; வண்டி நிற்கும்போதும் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கேட்கும். உங்களுடையது மேட்டில் மட்டும், அதுவும் சன்னமாக. பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள், மீதமுள்ள பெட்ரோல் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிப்பதால் வரும் சத்தம் இது.

முதலில் உங்கள் காலையும் கையையும் பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள மலையில் மூன்றாவது கியரிலேயே இழுக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். இரண்டுக்கு மாற்றுங்கள். சத்தம் நின்றால் செலவே இல்லை.

நிற்கவில்லையா? ஒரு டேங்க் 95 ஆக்டேன் பெட்ரோல் (சூட்டில் எளிதில் தானாக வெடிக்காத ரகம்) போட்டுப் பாருங்கள். அதில் குறைந்தால் உள்ளே கார்பன் படிந்திருக்கலாம், சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் கூலன்ட் அளவு, ரேடியேட்டர் ஃபேன், உங்கள் வண்டிக்குச் சொன்ன நம்பர் பிளக்தானா என்பதும் முக்கியம். என் பட்டறைக்கு இதே சத்தத்தோடு வந்த ஒரு வண்டியில் நாக் சென்சார் (இந்தத் தட்டலை உணரும் கருவி) ஒயரை எலி கடித்திருந்தது!

ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது வேறு கதை.