பேனாக்கத்தி எந்தப் பெட்டியில் போகலாம்?

கேள்வி: சாவிக்கொத்தில் எப்போதும் ஒரு சிறிய பேனாக்கத்தி வைத்திருப்பேன். மகனைப் பார்க்க பாரிஸ் வழியாக டொரன்டோ செல்லவிருக்கிறேன். கனடாவில் 6 செ.மீ. வரை அலகுள்ள கத்தியை விமானத்துக்குள் கொண்டு செல்லலாம் என்கிறான் மகன். சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: மகன் சொல்வது சரிதான். 2017 நவம்பரிலிருந்து, அமெரிக்கா செல்லும் விமானங்கள் நீங்கலாக, கனடாவில் அப்படி ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் அது டொரன்டோவில் விமானம் ஏறுபவருக்கு உதவுமே தவிர, அங்கே போய் இறங்குபவருக்கு உதவாது. எந்த நிலையத்தில் நம் கைப்பை சோதிக்கப்படுகிறதோ, அந்த நாட்டின் விதியே நம்மைக் கட்டுப்படுத்தும். இந்தியாவில் கத்தி எவ்வளவு சிறியதானாலும் கைப்பையில் அனுமதி இல்லை என்பதால், உங்கள் பேனாக்கத்தி முதல் வாசலையே தாண்டாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதி 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகைத்தான் தடுக்கிறது என்றாலும், அதைவிடக் கடுமையாக நடந்துகொள்ள உறுப்பு நாடுகளுக்கு உரிமை உண்டு. அமெரிக்காவோ 2013 மார்ச்சில் சிறு கத்திகளை அனுமதிப்பதாக அறிவித்து, விமானப் பணியாளர்கள் கடுமையாக எதிர்த்ததால், ஜூன் மாதமே அந்த முடிவைக் கைவிட்டது.

ஆகவே, சாவிக்கொத்திலிருந்து கத்தியைக் கழற்றி, செக்-இன் செய்யும் பெட்டியில் போட்டுவிடுங்கள். சிறு கத்தி மடிந்திருக்கும் நகவெட்டி, பாட்டில் திறப்பான் போன்றவற்றையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. பலர் மாட்டிக்கொள்வது இவற்றால்தான். மகன் வீட்டுக்கு அரிவாள்மனை கொண்டுபோவதானால், அதன் அலகைக் கெட்டி அட்டையால் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, துணிகளுக்கு நடுவே வையுங்கள். பெட்டியைத் திறந்து சோதிக்கும் ஊழியரின் விரல் பத்திரமாக இருக்க வேண்டும் அல்லவா?

கேள்வி: எலக்ட்ரீஷியன் வேலைக்காக துபாய் செல்கிறேன். ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், பேட்டரியில் ஓடும் டிரில் மெஷின் ஆகியவற்றை எப்படிக் கொண்டுபோவது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அமெரிக்காவில் 7 அங்குலத்துக்கு மேற்படாத ஸ்க்ரூடிரைவரையும் பிளேயரையும் கைப்பையில் விடுகிறார்கள் என்பதைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். நீங்கள் இந்தியாவில் ஏறுகிறீர்கள். கருவிகள் யாவும் செக்-இன் பெட்டிக்குத்தான் போக வேண்டும், டிரில் மெஷினும் அப்படியே.

ஆனால் அதன் பேட்டரி விஷயத்தில் விதி தலைகீழ். தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரியை செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. சரக்கு அறையில் அது தீப்பிடித்தால் கவனித்து அணைக்க ஆள் இல்லை, பயணிகள் பகுதியிலென்றால் பணியாளர்கள் உடனே கவனிக்க முடியும் என்பதே காரணம். பேட்டரியின் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும்: 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் 90. 100 வரை பொதுவாகத் தடையில்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு உபரியாக இரண்டு மட்டும். அதற்கு மேல் போனால் பயணிகள் சாமானில் இடமில்லை. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கைப்பையில் வையுங்கள். கடைசி நேரத்தில் இடமில்லை என்று விமான வாசலிலேயே கைப்பையை வாங்கிக்கொண்டால், பேட்டரியை மறக்காமல் வெளியே எடுத்துவிட வேண்டும். கேஸ் நிரப்பிய சால்டரிங் அயர்னை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: லண்டனில் உள்ள மருமகனுக்கு, கத்தியும் குறடும் சேர்ந்த மல்ட்டி-டூல் ஒன்றைப் பரிசளிக்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: செக்-இன் பெட்டியில் வைத்துத் தாராளமாகக் கொண்டு செல்லலாம். ஆனால் பிரிட்டனில், மடக்கக்கூடியதும், பூட்டிக்கொள்ளாததும், 3 அங்குலத்துக்கு மேற்படாத வெட்டுமுனை உடையதுமான கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்க முடியும். விரித்ததும் அலகு பூட்டிக்கொள்ளும் வகை எவ்வளவு சிறியதானாலும், அதை வைத்திருப்பதற்குத் தக்க காரணம் காட்டியாக வேண்டும். பல மல்ட்டி-டூல்கள் அந்த வகைதான் என்பதால், கடையிலேயே அலகை விரித்து, அது எதையும் அழுத்தாமலே மடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.